வங்கியிடம் நேராகக் கேட்டிருந்தால் போதும்

தணிக்கை நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தபோது நடந்ததைச் சொல்கிறேன். பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கும் ஒரு கம்பெனியின் கணக்கைப் பார்க்கப் போயிருந்தோம். வங்கியில் பெரிய தொகை வைப்பாக இருப்பதாகக் கணக்கு காட்டியது. அதை உறுதிசெய்யும் கடிதம் வங்கியிலிருந்து நேராக எங்களுக்கு வர வேண்டும், அதுதான் முறை. ஆனால் கம்பெனி ஆள்தான் கொண்டுவந்து கொடுத்தார். முந்தைய ஆண்டுக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் முத்திரை ஒரே கோணத்தில் சாய்ந்து, கையெழுத்தின் அதே எழுத்தை மறைத்திருந்தது. கையால் குத்தும் முத்திரை இரண்டு வருஷமும் அப்படி விழாது.

வங்கிக்கு நாங்களே எழுதினோம். அந்த வைப்பை முடித்துப் பணத்தை எப்போதோ எடுத்துவிட்டார்கள் என்று பதில் வந்தது. எல்லாவற்றையும் ஒழுங்குமுறை அமைப்புக்கு அனுப்பினோம். அவர்களோ எங்கள் கடிதத்தின் நகலை அந்தக் கம்பெனிக்கே அனுப்பி விளக்கம் கேட்டார்கள்! கம்பெனி இன்னொரு வங்கிக் கடிதத்தை இணைத்துப் பதில் கொடுத்தது, கோப்பை மூடிவிட்டார்கள். கம்பெனி திவாலாகும் வரை புது டெபாசிட் வாங்கிக்கொண்டேதான் இருந்தது. அந்தப் பணத்தையாவது காப்பாற்றியிருக்கலாம். எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். அமெரிக்காவில் மற்றவர்களின் பணத்தை வாங்கி முதலீடு செய்வதாகச் சொன்ன மேடாஃப் நடத்துவது மோசடி என்று, ஹாரி மார்கோபோலஸ் என்ற நிதி ஆய்வாளர் 2000ஆம் ஆண்டிலிருந்தே பங்குச் சந்தை ஆணையத்திடம் சொல்லிவந்தார். ஆணையத்தின் ஆட்கள் மேடாஃபின் வர்த்தக விவரங்களை வெளி அமைப்பிடம் கேட்டு ஒரு கடிதம்கூடத் தயார் செய்தார்கள். வரும் தரவைப் படிக்க நேரமாகும் என்று அதை அனுப்பவே இல்லை. 2006 விசாரணையில் மேடாஃபே பங்குகள் இருக்கும் கணக்கின் எண்ணைச் சொன்னார். மாட்டிக்கொண்டோம் என்றே நினைத்தாராம். அந்தக் கணக்கில் பங்குகள் இருக்கின்றனவா என்று யாரும் சரிபார்க்கவில்லை. 2008 டிசம்பரில் எல்லாம் உடைந்தபோது வாடிக்கையாளர்களின் பணமாகக் காகிதத்தில் மட்டும் இருந்தது சுமார் 6,500 கோடி டாலர்.

ஜெர்மனியில் மின்னணுப் பணப்பரிமாற்றம் நடத்திய வயர்கார்டு நிறுவனத்தின் விவகாரம் இன்னும் மோசம். 2019இல் கண்காணிப்பு அமைப்பான பாஃபின், முறைகேட்டை எழுதிய பத்திரிகையாளர்கள் மீதே புகார் கொடுத்தது. அடுத்த வருஷம் 190 கோடி யூரோவைக் காணோம். பணம் இருப்பதாகச் சொல்லப்பட்ட பிலிப்பைன்ஸ் வங்கிகள், அந்த நிறுவனம் எங்கள் வாடிக்கையாளரே இல்லை, ஆவணங்கள் போலி என்று கையை விரித்தன.

பதில்:

எங்கள் குடும்பத்திலும் இப்படி ஒன்று நடந்தது. அக்கா பணம் போட்ட நிறுவனத்தைப் பற்றி ஒழுங்குமுறை அமைப்பில் புகார் கொடுத்தோம். "அது எங்களிடம் பதிவு செய்யவில்லை, அதனால் எங்கள் வரம்பில் வராது" என்றார்கள். பதிவு செய்யாமல் பணம் வாங்குகிறார்கள் என்பதுதானே எங்கள் புகாரே! காவல் துறைக்குப் போனால், முதலீட்டு விஷயம், அங்கேயே போங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். அப்புறம் அந்தப் பெயர் எச்சரிக்கைப் பட்டியலில் வந்தது. அதற்குள் அலுவலகத்தையே காலி செய்துவிட்டார்கள்.

பதில்:

இரண்டு பதில்களையும் எழுத்தில் வாங்கி வைத்திருக்கிறீர்களா? இருந்தால் மேல்முறையீட்டில் சேர்த்துக் கொடுங்கள். பணம் போன வங்கிக் கணக்கின் எண்ணையும் எழுதி, விவரத்தை வங்கியிடமே நேராகக் கேட்கும்படி தனிக் கோரிக்கையாகப் போடுங்கள். நிறுவனத்திடம் விளக்கம் கேட்டதோடு நிறுத்தினால், ஏன் வங்கியைக் கேட்கவில்லை என்று அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.