எல்லாம் இணையமானால், கவுன்டர் வேண்டாமா?

பொருநைக்கரை:
இன்னும் சில ஆண்டுகளில் ரேஷன், பட்டா, வங்கி, மருத்துவம் ஆகிய அனைத்தும் இணையத்திலேயே நடக்கும் என்றும், காகிதமும் ஆள் உட்கார்ந்து சேவை தரும் கவுன்டரும் இனி வீண் செலவு என்றும் அம்பைவாசி அண்ணாச்சி எழுதியதை நான் ஏற்கவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, தாமிரபரணிக் கரையூர்கள் பலவற்றில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் சேர்ந்தே போயின. அந்த நாட்களில் ரொக்கம் வைத்திருந்தவருக்குத்தான் கடையில் அரிசி கிடைத்தது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களுக்கு அரசு அறிவித்த 6,000 ரூபாய் நிவாரணமும் ரேஷன் கடைகளில் ரொக்கமாகவே கொடுக்கப்பட்டது.

அம்பைவாசி:
அதே வெள்ளத்தில் பீரோவில் இருந்த பத்திரங்களும் சான்றிதழ்களும் சேற்றில் ஊறிப்போனதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆவணங்களை இணையத்தில் சேமிக்கும் அரசின் டிஜிலாக்கரில் சான்றிதழ் வைத்திருந்தவர் அதை இழக்கவில்லை. கைப்பேசிக் கோபுரங்களுக்குக் கூடுதல் பேட்டரி வேண்டும் என்று கேளுங்கள், அது நியாயம்; ஆனால் வெள்ளத்தைக் காட்டிக் காகிதத்தைக் காப்பாற்ற முடியாது. பட்டா நகல் ஒன்றுக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தாலுகா அலுவலகத் திண்ணையில் காத்திருந்த காலத்தை, தெரிந்தவர் இருந்தால் மட்டுமே வேலை நடந்த காலத்தை, நாம் மறந்துவிடக் கூடாது. பாபநாசம் அணையின் நீர்மட்டத்தை வீட்டிலிருந்தே பார்த்துப் பிசான நெல் சாகுபடிக்கு நாற்றுப் பாவலாமா என்று முடிவு செய்யும் விவசாயியிடமும், இ-சஞ்சீவனி என்ற அரசின் இணைய மருத்துவச் சேவை வழியாகத் தொலைவிலுள்ள மருத்துவரிடம் பேசும் நோயாளியிடமும் பழைய முறைக்குத் திரும்பச் சொல்ல யாருக்கு மனம் வரும்?

முக்கூடல் மகள்:
திரும்பச் சொல்லவில்லை, அண்ணாச்சி. என் அம்மா சிறு வயதிலிருந்து பீடி சுற்றுகிறார். இலையும் தூளும் பட்டுப் பட்டு விரல் ரேகை தேய்ந்துவிட்டது. ரேஷன் கடைக் கருவி அவரைப் பலமுறை ஏற்க மறுத்திருக்கிறது. கடைக்காரருக்கு அவரை நன்றாகத் தெரியும், கருவிக்குத் தெரியாது. நாளை மருத்துவமனைச் சீட்டும் ஓய்வூதியமும் பேருந்துப் பயணமும் இப்படியொரு கருவியின் சம்மதத்தில் நிற்குமானால், அது மறுக்கும்போது அம்மா யாரிடம் போய் நிற்பார்? 2018 செப்டம்பரில் ஆதார் வழக்கில் வந்த தீர்ப்பிலேயே, ரேகை பொருந்தாததால் உரியவர் பயனை இழக்கக் கூடாது என்ற உறுதி பதிவாகியிருக்கிறது. அந்த உறுதி நடைமுறைக்கு வர, முடிவெடுக்கும் அதிகாரமுள்ள ஒரு மனிதர் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்.

அம்பைவாசி:
தங்கையே, உங்கள் அம்மாவின் சிரமம் உண்மையானது. ஆனால் கருவிழியைப் படிக்கும் கருவி வந்திருக்கிறது. முதியவர் தம் சார்பில் வேறொருவரை அனுப்பவும் வழி இருக்கிறது. முடிவெடுக்கும் அதிகாரத்தை மனிதரிடம் கொடுத்தால், வேண்டியவருக்குக் கதவு திறந்து வேண்டாதவருக்கு அடைபடும் பழைய வழக்கமும் கூடவே திரும்பும். கருவி சாதி பார்ப்பதில்லை. எங்கள் பக்கத்தில் இதன் அருமை பலருக்குத் தெரியும்.

பொருநைக்கரை:
சாதி பற்றி நீங்கள் சொன்னது கனமான வாதம். அதை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் ஒருவரைத் திருப்பி அனுப்பும் எழுத்தர் மீது மேலதிகாரியிடம் மனுக் கொடுக்க முடிகிறது. கருவி திருப்பி அனுப்பினால் காரணம் எழுதிய ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடைப்பதில்லை. மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் தருவதும், அன்றைக்கே அரிசியைக் கொடுத்துவிட்டுச் சரிபார்ப்பைப் பிறகு வைத்துக்கொள்வதும் சட்டத்தால் கட்டாயமாகும் வரை, கவுன்டரை மூடச் சொல்லும் எந்தத் திட்டத்தையும் எதிர்ப்பேன்.

அம்பைவாசி:
காரணச் சீட்டுக்கு நானும் கையெழுத்திடுவேன். கவுன்டருக்கு இட மாட்டேன்.