தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருக்கவங்க நியூஸ் எதுல பார்க்குறீங்க, எதை எவ்ளோ நம்புறீங்க?

நெல்லை_டர்பன்:

எல்லாருக்கும் வணக்கம். டர்பன் வந்து மூணு வருஷம் முடியப் போகுது, வேலை உம்ஹ்லாங்கா பக்கம். ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்க விஷயம், இங்க கேட்டுப் பார்க்கலாம்னு தோணுச்சு, கொஞ்சம் நீளம்தான் பொறுத்துக்கோங்க.

ஊர்ல இருந்த வரைக்கும் நியூஸ் பார்க்க எனக்கு ஒரு கணக்கு இருந்துச்சு. ஒரே மாநாட்டை சன் டிவில பார்த்தா ஒண்ணு, ஜெயா டிவில பார்த்தா வேற ஒண்ணு, ஒருத்தன் மேல ஏறி நின்னு தலை தலையா கடல் மாதிரி காட்டுவான், இன்னொருத்தன் கடைசி வரிசைல காலி சேரா தேடிப் புடிச்சு காட்டுவான், ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தா கிட்டத்தட்ட எத்தனை பேர் வந்தாங்கன்னு தெரிஞ்சுரும். 2007-ல கலைஞர் டிவி ஏன் ஆரம்பிச்சாங்கன்னு டீ ஆத்துறவர்கிட்ட கேட்டாலே குடும்பக் கதையோட சொல்லுவார். சத்தம் ஜாஸ்தி, பின்னாடி டமால் டுமீல்னு மியூசிக்கு, எல்லாம் ஒத்துக்குறேன். ஆனா எவன் சொன்னா எவ்ளோ தள்ளிட்டுக் கேக்கணும்னு எனக்குத் தெரியும்.

இங்க வந்தா அப்படியே தலைகீழ். வாசிக்கிறவங்க குரலே உயராது. ஒருத்தனை போலீஸ் புடிச்சா கோர்ட்டுல ஆஜர் ஆகுற வரைக்கும் பேரு போட மாட்டாங்க, வயசு மட்டும் சொல்லுவாங்க, சின்னப் பசங்கன்னா சுத்தமா மூச்சு விட மாட்டாங்க. நம்மூரா இருந்தா அதுக்குள்ள வீட்டு வாசல்ல மைக் நிக்கும், பாட்டி அழுதுட்டு இருக்கும்.

2024 தேர்தல்தான் எனக்கு உண்மையான ஷாக். மே 29 இங்க ஓட்டு, ஜூன் 2 ஞாயித்துக்கிழமை சாயங்காலம்தான் அறிவிச்சாங்க, நாலு நாள் எண்ணிட்டே இருந்தாங்க. தொகுதி கிடையாது, முன்னிலை பின்னடைவு கிடையாது, கட்சிக்கு எத்தனை சதவீதம்னு ஒரு போர்டு, அது மெதுவா மாறும், அவ்ளோதான். மறுநாளே சிஎஸ்ஐஆர்னு இங்க இருக்க ஆராய்ச்சி நிறுவனத்து ஆளுங்க கணக்குப் போட்டு கடைசில எங்க வந்து நிக்கும்னு சொல்லிட்டாங்க, அதுவும் ஏதோ மழை வரும்னு சொல்ற மாதிரி சொன்னாங்க. நடுவுல வெள்ளிக்கிழமை காலைல அந்த போர்டே காலியாயிடுச்சு, எல்லாம் பூஜ்யம், நான் சேர் நுனிக்கு வந்துட்டேன், டிவில இருந்தவர் தண்ணி குடிச்சுட்டு டெக்னிக்கல் பிரச்சனைங்கிறாங்க, காத்திருப்போம்னார். நம்மூர்ல அந்த நேரம் எத்தனை பேனல் உட்கார்ந்திருக்கும்! 30 வருஷமா ஆண்ட கட்சி மெஜாரிட்டி போய் 40 சதவீதத்துல வந்து நிக்குது, அதையும் அதே குரல்ல வாசிச்சாங்க. ரெண்டு நாள் கழிச்சு ஜூன் 4, லேப்டாப்ல ஊர் சேனல், காலைல எட்டரைக்கே வெற்றி தோல்வி எல்லாம் சொல்லி முடிச்சு, கடைசில புதுச்சேரியோட சேர்த்து 40-க்கு 40. ஒரே வாரத்துல ரெண்டு நாப்பது பார்த்தவன் நான்.

நல்லாத்தானே இருக்கு, உனக்கு என்ன பிரச்சனைன்னு கேப்பீங்க. பிரச்சனை என்னன்னா அவ்ளோ அமைதியா சொல்றதால எதை தள்ளணும்னே தெரியல. யாரு முதலாளி, யாருக்கு யார் மேல கோபம், எதை சொல்லாம விட்டாங்க, எதுவும் தெரியல. ஜூலு மொழில ஒருத்தர் கோபமா அரை நிமிஷம் பேசுவார், கீழ ஒரு வரி இங்கிலீஷ் வரும், பக்கத்து சீட்டு நண்பர் குவாமாஷுக்காரர், பார்த்துட்டு சிரிப்பார், அவர் சொன்னது அது இல்லப்பாம்பார்.

எங்க தெருவுல ஆறு நாள் தண்ணி வரல, நியூஸ்ல ஒரு வார்த்தை இல்ல, தெரு வாட்ஸ்அப் குரூப்ல யாரோ ஒரு ஆன்ட்டி வாய்ஸ் நோட் போட்டுத்தான் டேங்கர் எங்க நிக்குதுன்னே தெரிஞ்சுது. ஊர்லயும் எங்க தெரு நியூஸ்ல வராது, அது வேற விஷயம்.

ரோபோல (சிக்னலுக்கு இங்க அதான் பேரு) வண்டி நிக்கும்போது விளக்குக் கம்பத்துல பேப்பர் போஸ்டர் கட்டியிருப்பாங்க பாருங்க, வெள்ளை அட்டைல கறுப்புல பெருசா நாலே வார்த்தை. அதைப் பார்த்தா மட்டும் பாளையங்கோட்டை பெட்டிக்கடைல கிளிப் மாட்டித் தொங்குற தந்தி போஸ்டர் ஞாபகம் வந்துரும், காத்துக்கு அதே படபட சத்தம். அதுதான் இங்க எனக்குப் புரியுற ஒரே மீடியா.

நீங்கல்லாம் எப்படி சமாளிக்கிறீங்க?

சாண்ட்டன்_சாமி:

தம்பி, நான் ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) வந்து பதினாலு வருஷம். நீ சொல்ற அமைதிய பார்த்து ஏமாந்துடாத, முதலாளி கதை இங்கயும் உண்டு, அதுல நம்ம தேசத்து ஆளுங்களே இருந்தாங்கங்கிறதுதான் கொடுமை. சஹரன்பூர்ல இருந்து வந்த குப்தா சகோதரர்கள், அப்ப ஜனாதிபதியா இருந்த ஜுமாவுக்கு நெருக்கமான பணக்காரங்க, 2010-ல தி நியூ ஏஜ்னு பேப்பர், 2013-ல ஏஎன்என்7-ன்னு சேனல். அந்த சேனல் ஆரம்பிச்ச வாரம் வாசிக்கத் தெரியாம தடுமாறுனதெல்லாம் யூடியூப்ல கிழிச்சுத் தொங்கவிட்டாங்க, நாங்களும் ஆபீஸ்ல சிரிச்சோம். அப்புறம் 2017-ல, அரசாங்கத்தை எப்படி கைக்குள்ள வச்சிருந்தாங்கன்னு காட்டுற அவங்க ஈமெயில் எல்லாம் வெளிய வந்துச்சு, அமபுங்கானே, டெய்லி மேவரிக், நியூஸ்24-ன்னு மூணு நியூஸ் நிறுவனம் சேர்ந்து போட்டாங்க, அதுக்கப்புறம் சிரிப்பு நின்னு போச்சு. டாக்சில ஏறுனா நீயும் குப்தாவான்னு கேப்பாங்க. நான் மதுரைக்காரன்யான்னு யாருக்குப் புரியவைக்கிறது.

ஆனா ஒண்ணு. ஸோண்டோ கமிஷன்னு இந்த ஊழலை 2018-ல இருந்து விசாரிச்சாங்க பாரு, மந்திரி அதிகாரி எல்லாரையும் உட்கார வச்சு கேள்வி கேக்குறது அப்படியே டிவில லைவ். லாக்டவுன் டைம்ல என் வீட்டம்மா சீரியலுக்கு பதிலா அதைத்தான் பார்த்தா, சாட்சி சொல்ல வந்தவங்க கட்டுன டை கலர் வரைக்கும் சொல்லுவா. அதே காலத்துல நம்மூர்ல ஆறுமுகசாமி ஆணையம், 2017-ல ஆரம்பிச்சு 2022-ல அறிக்கை, உள்ள யார் என்ன சொன்னாங்கன்னு வெளிய வர்ற வக்கீல் கார்ல ஏறுறதுக்குள்ள சொல்ற ரெண்டு வரிதான். அம்மா 75 நாள் ஆஸ்பத்திரில இருந்தாங்க, அத்தனை சேனல் வச்சிருந்தோம், உள்ள என்ன நடந்துச்சுன்னு எந்த சேனலாவது சொல்லுச்சா? சத்தம் போட்டா சொன்ன மாதிரி ஆயிடுமா. எவன் எந்தக் கட்சின்னு தெரியும்ங்கிற தைரியத்துல நாமளே நம்மள ஏமாத்திக்கிட்டோம்னு நான் நினைக்கிறேன்.

பிரிட்டோரியா_மலர்:

சாமி அண்ணா, கடைசி வரி சரி. டிசம்பர் 5 சாயங்காலம் அவங்க இறந்துட்டாங்கன்னு பல சேனல் போட்டு, கட்சி ஆபீஸ்ல கொடிய அரைக் கம்பத்துல இறக்கி, அப்புறம் இல்லைன்னு திரும்ப ஏத்துனதை நான் அழுதுகிட்டே பார்த்தேன், அந்த ஒரு மணி நேரம் இன்னும் மறக்கல.

ஆனா நெல்லை, இங்கத்தவங்கள ரொம்ப தலைல தூக்கி வைக்காதீங்க. 2021 ஜூன்ல ஒரே பிரசவத்துல பத்து குழந்தைன்னு பிரிட்டோரியா நியூஸ் பேப்பர் போட்டுச்சு, உலக சாதனைன்னு. எங்கம்மா தஞ்சாவூர்ல இருந்து ஃபார்வர்டு பண்ணி, உங்க ஊராமே போய்ப் பார்த்தியாங்கிறாங்க. எந்த ஆஸ்பத்திரிலயும் அப்படி ஒரு பிரசவமே பதிவாகலன்னு மாகாண அரசு சொல்லிடுச்சு. இங்க இருந்த ஒருத்தரும் ஒரு குழந்தையக் கூட கண்ணால பார்க்கல. எங்கம்மா மட்டும் இன்னும் நம்புறாங்க, நான்தான் ஆபீஸ் வீடுன்னு சுத்துற சோம்பேறி, போய்ப் பார்க்கலையாம்.

சண்டே டைம்ஸ், இங்க பெரிய பேப்பர், வரி இலாகாவுக்குள்ள ரகசியப் படை இருக்குன்னு வருஷக்கணக்கா எழுதி எத்தனையோ பேர் வேலை போச்சு, 2018-ல தப்புன்னு ஒத்துக்கிட்டு மன்னிப்பு கேட்டாங்க. இங்கத்த அரசு டிவி எஸ்ஏபிசில 2016-ல போராட்டத்துல தீ வைக்கிறதை காட்டக்கூடாதுன்னு மேல இருந்து உத்தரவு, எதிர்த்துப் பேசின எட்டு பேரை தூக்கினாங்க. நீங்க சொல்ற அந்த அமைதியான குரல் இருக்கே, அந்த நேரத்துல அது அமைதி இல்ல, வாயை மூடினது.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். எனக்கு வழி காட்டினது எங்க ஸ்கூல் ஸ்டாஃப் ரூம். அங்க யாருமே இந்தப் பேப்பர் சொல்லுச்சுன்னு சொல்ல மாட்டாங்க, இன்னார் எழுதியிருக்கார்னு ஆள் பேரைத்தான் சொல்லுவாங்க. நம்மூர் பேப்பர்ல எல்லா செய்திக்கும் நமது நிருபர்தான், அந்த மனுஷன் யாரு, எத்தனை பேருன்னு எனக்கு இந்த வயசு வரைக்கும் தெரியாது. அதனால நமக்கு முதலாளிய வச்சுத்தான் கணக்குப் போட வரும். இங்க மேல பேரு இருக்கு, அதைப் படிங்க. ஆறு மாசம் ஒரே ஆளைத் தொடர்ந்து படிச்சா அவர் எங்க நழுவுறார்னு தன்னால பிடிபடும்.

கேப்டவுன்_கார்த்தி:

நான் மாசத்துக்கு ஒரு தடவைதான் நியூஸ் பார்ப்பேன் ப்ரோ, முதல் புதன்கிழமை பெட்ரோல் விலை மாறும்ல அன்னைக்கு. முந்தின நாள் ராத்திரி பங்க்ல லைன்ல நிப்பேன். மத்தபடி கரண்ட் எப்ப போகும்னு சொல்ற ஆப் (app) ஒண்ணே போதும்னு இருந்தேன், கரண்ட் கட் கட்சி சார்பு இல்லாம எல்லாரையும் இருட்டுல வச்சுது.

சாட்ஸ்வர்த்_அங்கிள்:

வணக்கம் பிள்ளைகளே. நான் இங்கே பிறந்தவன், இப்போது எழுபத்து மூன்று வயது. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழ், தப்பு இருந்தால் மன்னிக்கணும். பேத்தி போனில் போட்டுக் கொடுத்தாள், நானே தட்டுகிறேன்.

உங்கள் பேச்சு எல்லாம் படித்தேன். உங்களுக்கு இரண்டு ஊர் நியூஸ் இருக்கிறது, எங்களுக்கு ரொம்ப நாள் ஒன்றுகூட இல்லை. இந்த நாட்டில் டிவி வந்ததே 1976-இல். எனக்குக் கல்யாணம் ஆகப் போகிற வயசு. காந்தி ஐயா ஆரம்பித்த இந்தியன் ஒப்பினியன் 1903-இல் நாலு பாஷையில் வந்தது, அதில் தமிழும் ஒன்று. மூன்று வருஷத்துக்குள் தமிழ்ப் பக்கத்தை நிறுத்தினார்கள், எழுதவும் அச்சுக் கோக்கவும் ஆள் போதவில்லை. என் அப்பா இதைச் சொல்லும்போது கோபமாகச் சொல்வார், ஏதோ போன வாரம் நடந்தது போல.

எங்கள் வீட்டில் நியூஸ் என்றால் கடைசிப் பக்கம். முதலில் யார் செத்தார்கள் என்று பார்ப்போம், பிறகு காவடிப் படம், அதில் யார் வீட்டுப் பையன் என்று பார்ப்போம். ஒவ்வொரு தீபாவளிக்கும் பட்டாசு சண்டை வரும், நாய் பயப்படுகிறது என்று ஒருவர் கடிதம் எழுதுவார், 1860-லிருந்து இங்கே இருக்கிறோம் என்று இன்னொருவர் பதில் எழுதுவார். அடுத்த வருஷமும் அதே கடிதம். நீங்கள் சிரிப்பீர்கள், ஆனால் அதில் யார் பொய் சொல்கிறார் என்று எனக்கு நன்றாகத் தெரியும், எல்லாரும் தெரிந்தவர்கள்.

2021 ஜூலையில் அந்தக் கணக்கும் உதவவில்லை. கலவரத்தில் கடைகள் எரிந்த அந்த வாரம், முந்நூற்று ஐம்பது பேருக்கு மேல் செத்தார்கள். டிவியில் ஹெலிகாப்டரில் இருந்து புகை காட்டினார்கள். போனில் நிமிஷத்துக்கு ஒரு வாய்ஸ் நோட், பத்து பஸ்ஸில் ஆள் வருகிறார்கள், இப்போது பாலத்தில் இருக்கிறார்கள், இப்போது உங்கள் தெரு. என் பிள்ளைகள் இரவெல்லாம் முக்கில் நின்றார்கள். பஸ் வரவில்லை. டர்பன் பக்கத்தில் நம் ஆட்கள் நிறைய இருக்கும் பீனிக்ஸில் அந்தப் பயத்திலும் கோபத்திலும் தெருவில் நின்றவர்கள் செய்ததை நீங்கள் பேப்பரில் படித்திருப்பீர்கள், 36 உயிர். அந்த வாய்ஸ் நோட்டில் பேசினவர் குரல் எங்கள் ஆள் பேசுகிற மாதிரியே இருந்தது. தெரிந்த குரல் மாதிரி இருந்ததால்தான் நம்பினோம்.

தம்பி நெல்லை, ஞாயிறு லீவு என்றால் வீட்டுக்கு வா. டர்பன் பேப்பரில் எது யாருடையது, முன்னால் யாருடையது என்று நான் சொல்கிறேன். டீக்கடை இல்லை, வராண்டா இருக்கிறது.

நெல்லை_டர்பன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சாமி அண்ணே நீங்க சொன்னது கொஞ்சம் சுட்டுச்சு, ஆனா மறுக்க முடியல. மலர் அக்கா, நேத்தே ஆரம்பிச்சுட்டேன், டர்பன் தண்ணி பிரச்சனைய யாரு எழுதுறாங்கன்னு தேடினா ஒரே அம்மா ரெண்டு வருஷமா எழுதிட்டு இருக்காங்க, எங்க தெரு இல்ல ஆனா பக்கத்துத் தெரு வந்திருக்கு! இத்தனை நாள் நான் படிக்காம விட்டுட்டு நியூஸ்ல ஒரு வார்த்தை இல்லைன்னு உங்க எல்லார்கிட்டயும் புலம்பிட்டேன். குவாமாஷு நண்பர்கிட்ட அந்தப் பேரைச் சொன்னேன், ஓ அவங்களான்னார், உடனே. அப்ப இவங்களுக்கும் கணக்கு இருக்கு, என்கிட்ட சொல்லலையே தவிர.

அங்கிள், உங்க வாய்ஸ் நோட் விஷயத்தை மூணு தடவை படிச்சேன். எங்க தெரு குரூப் ஆன்ட்டி குரலை நானும் அப்படித்தான் நம்புறேன்.

ஞாயிறு கண்டிப்பா வர்றேன். வரும்போது சாப்பாடு நான் வாங்கிட்டு வர்றேன், மட்டனா பீன்ஸான்னு மட்டும் சொல்லுங்க. போன வாரம் அம்மாகிட்ட போன்ல, ஃப்ரெண்ட்ஸோட குவார்ட்டர் பன்னி சாப்பிடப் போறேம்மான்னு சொல்லி வச்சுட்டேன், பிரெட்டுக்குள்ள குழம்பு ஊத்துறதுன்னு விளக்குறதுக்குள்ள சித்தி வீடு வரைக்கும் நியூஸ் போயிடுச்சு, பையன் தண்ணியும் போட ஆரம்பிச்சு பன்னியும் திங்க ஆரம்பிச்சுட்டான்னு.