‘பெரிய வீட்டுப் பிள்ளைங்க’ குழு: கீதார்ஜாவோட சயின்ஸ் வெற்றி

[இரவு 8:41] குகன்: முரளிணே, சிவி 6 (Civilization VI) கம்ப்யூட்டர் கேம்ல இந்தோனேசியா ராணி கீதார்ஜாவ எடுத்திருக்கேன். கேதரிங் ஸ்டோர்ம்ங்கிற கூடுதல் பேக்கும் போட்டாச்சு. டர்ன் 60, ரெண்டே ஊருதான். பார்பேரியன் படகு வந்து மீன்பிடிப் படகையெல்லாம் கொள்ளையடிக்குது. இதுல எப்படி ராக்கெட் விட்டு சயின்ஸ் வெற்றி எடுக்கிறது?

[இரவு 8:44] முரளி அண்ணன்: 60ல ரெண்டு ஊரா? அந்த ஆட்டத்த மூடு லா. புதுசா போடு. மேப் ஐலண்ட் பிளேட்ஸ், சைஸ் டைனி. நாலு பேருதான் இருப்பாங்க, உன் லாப்டாப்பும் மூச்சு விடும். லெவல் பிரின்ஸ். அதுல கம்ப்யூட்டருக்கும் உனக்கும் கூடுதல் சலுகை கிடையாது.

[இரவு 8:45] சர்மி அக்கா: முதல் டர்ன்லயே ஊர் வை, நல்ல இடம் தேடி அலையாத. அப்புறம் ஸ்கவுட் (வேவு பாக்கிறவன்), ஸ்லிங்கர் (கவண் வீரன்), செட்லர் (புது ஊர் வைக்கிறவன்), இந்த வரிசை. ஸ்லிங்கரால ஒரு எதிரிய அடிச்சு முடிச்சா ஆர்ச்சரி டெக்குக்கு, அதாவது அந்த ஆராய்ச்சிக்கு, யுரேகாங்கிற சலுகை. விலையில 40% குறைஞ்சிடும். அதனால கடைசி அடிய வாரியர் அடிக்க விடாத.

[இரவு 8:47] சர்மி அக்கா: பார்பேரியன் ஸ்கவுட் உன் ஊரப் பாத்துட்டா அவன் தலைக்கு மேல ஆச்சரியக்குறி வரும். அவன் முகாமுக்குத் திரும்பி சேந்தாத்தான் படை கிளம்பும். போற வழியிலயே அவன முடிச்சிடணும்.

[இரவு 8:48] குகன்: படகு?

[இரவு 8:49] முரளி அண்ணன்: அதுக்கும் கடற்கரையில ஒரு முகாம் இருக்கும். கடல்ல துரத்தாத, கரையில இறங்கி முகாமையே அழி. காசும் வரும், எரா ஸ்கோரும் (கோல்டன் ஏஜுக்கான புள்ளி) வரும்.

[இரவு 8:52] சின்ன அத்தை: நாளைக்கு பாசார் மாலாம் (ராத்திரிச் சந்தை) யாரு போறீங்க? வரும்போது தேங்காய்ப் பால் ரெண்டு பாக்கெட்.

[இரவு 8:53] சர்மி அக்கா: நான் போறேன் அத்தை 👍

[இரவு 8:55] சர்மி அக்கா: குகன், கீதார்ஜாவுக்கு முக்கியமான சமாச்சாரம் இது. கடலயோ ஏரியயோ ஒட்டின ஒவ்வொரு ஊர் மையத்துக்கும் +2 ஃபெய்த் (பக்திப் புள்ளி). 25 சேந்ததும் பாந்தியன், அதாவது ஒரு தெய்வ நம்பிக்கைய எடுக்கலாம். அதுல காட் ஆஃப் த சீ எடு, ஒவ்வொரு மீன்பிடிப் படகுக்கும் +1 புரொடக்‌ஷன். தீவு ஊருங்கள்ல மலையும் காடும் குறைவு, புரொடக்‌ஷன் அங்கதான் இடிக்கும். இது அதுக்கு மருந்து.

[இரவு 8:57] முரளி அண்ணன்: கிளாசிக்கல் எரா தொடங்கும்போது கோல்டன் ஏஜ் கிடைச்சா மானுமென்டாலிட்டிங்கிற சலுகைய எடு. செட்லர், பில்டர் ரெண்டையும் ஃபெய்த் குடுத்து வாங்கலாம், அதுவும் 30% மலிவா. செட்லர் விலை 80, 110, 140ன்னு ஏறிக்கிட்டே போகும். எல்லாத்தையும் புரொடக்‌ஷன்லயே கட்டினா மூணாவது ஊரோட நின்னுடுவ. 100 டர்னுக்குள்ள எட்டு ஊராவது வேணும்.

[இரவு 8:58] தேவா மாமா: கீதார்ஜா யாரு தெரியுமாடா? மஜபாகித் ராணி திரிபுவனா. 14ஆம் நூற்றாண்டு, கிழக்கு ஜாவா. காஜா மாடா அவங்க மகாபதி, அதாவது தலைமை அமைச்சர். சரி, கடாரம் கொண்டவர் அதுல இல்லையா? 1025ல கெடா வரைக்கும் கப்பல் விட்டவராச்சே.

[இரவு 8:59] முரளி அண்ணன்: 6ல சோழர் இல்ல மாமா. 2025ல வந்த 7ல இருக்காங்க, ஆனா வந்தப்ப ரெண்டாவது காலத்துலதான் எடுக்க முடிஞ்சுது.

[இரவு 9:00] தேவா மாமா: அது போதும்.

[இரவு 9:03] சர்மி அக்கா: இப்ப காம்பஸ், அதாவது சயின்ஸ் தர்ற டிஸ்ட்ரிக்ட் (ஊரோட ஒரு பகுதி). மத்தவங்களுக்கு ஒட்டின மலை ஒண்ணுக்கு +1 சயின்ஸ், ரீஃப் (பவளப்பாறை) ஒண்ணுக்கு +2. உனக்கு அதோட கடல் டைல் (கட்டம்) ஒண்ணுக்கு அரை. நாலு கடல் டைல் ஒட்டினா +2 சும்மா கிடைக்குது. ஹோலி சைட், தியேட்டர், இண்டஸ்ட்ரியல் சோனுக்கும் இதே கணக்கு. அப்புறம் நேச்சுரல் பிலாசஃபிங்கிற கொள்கை கார்ட் போட்டா காம்பஸோட ஒட்டுதல் போனஸ் அப்படியே ரெட்டிப்பு. மலையும் கடலும் சேர்ற முனை கிடைச்சா அதுல வேற எதையும் வைக்காத.

[இரவு 9:05] குகன்: காம்பஸ் விலை ஏறிட்டே போகுதே கா?

[இரவு 9:06] சர்மி அக்கா: நீ டெக், சிவிக் (சமூக ஆராய்ச்சி) முடிக்க முடிக்க எல்லா டிஸ்ட்ரிக்ட் விலையும் ஏறும். ஆனா ஒரு டைல்ல வச்ச அன்னிக்கு என்ன விலையோ அதுவே நிலைச்சிடும். ஜனத்தொகை 1, 4, 7, 10 ஆகும்போது ஒவ்வொரு இடம் திறக்கும். திறந்த அதே டர்ன்ல டிஸ்ட்ரிக்ட்ட வச்சிடு, கட்டுறத பொறவு பாத்துக்கலாம். நிலத்துக்கு இடம் பிடிச்சு வைக்கிற மாதிரிதான்.

[இரவு 9:09] முரளி அண்ணன்: நல்ல தண்ணி இல்லாத கடற்கரை ஊருக்கு ஹவுசிங் 3தான். இன்னும் ஒரு ஆளுக்குத்தான் இடம்ங்கிற நிலையிலேயே வளர்ச்சி பாதியாயிடும். அதுக்குத்தான் கம்போங், இந்தோனேசியாவுக்கு மட்டும் வர்ற கடல் குடியிருப்பு. ஷிப்பில்டிங் டெக் வந்ததும் கடல் வளம் ஒட்டின கடல் டைல்ல போடு. +1 ஹவுசிங், +1 புரொடக்‌ஷன், பக்கத்துல இருக்கற மீன்பிடிப் படகு ஒவ்வொண்ணுக்கும் +1 சாப்பாடு. ரெண்டு கேலி கப்பல் வச்சிருந்தா ஷிப்பில்டிங்குக்கு யுரேகா.

[இரவு 9:10] முரளி அண்ணன்: ஆடம்பரப் பொருள் ஒண்ணு நாலு ஊருக்குத்தான் அமெனிட்டி (ஊர் ஜனத்தோட சந்தோஷம்) தரும். ஒரே பொருள் ரெண்டு இருந்தா ஒண்ண வித்து வேறத வாங்கு.

[இரவு 9:14] சர்மி அக்கா: இதுவரைக்கும் எல்லாரும் சரியாத்தான் ஆடுறாங்க. பொறவுதான் கோட்டை விடுறாங்க. சயின்ஸ் வெற்றின்னா சயின்ஸ் மட்டும்னு நெனச்சிடுறாங்க. ராக்கெட்ரி டெக் வரும், ஸ்பேஸ்போர்ட் (ராக்கெட் தளம்) கட்டணும்னு பாத்தா 1800 புரொடக்‌ஷன். ஊர் 25 தருதுன்னா 72 டர்ன்! அதுக்குள்ள வேற ஒருத்தன் கல்ச்சர்ல முடிச்சிடுவான்.

[இரவு 9:15] குகன்: 😱

[இரவு 9:17] சர்மி அக்கா: அதனால மூணு ஊர இப்பவே தேர்ந்தெடுத்து ஃபேக்டரி வரைக்கும் ஏத்திடு. ஹார்பர் வச்ச ஊர்ல ஷிப்யார்டும் கட்டு. ஹார்பரோட ஒட்டுதல் எவ்வளவோ அவ்வளவு புரொடக்‌ஷன் தரும். ஸ்பேஸ்போர்ட் மலைச்சரிவுல வராது, சமதரைதான் வேணும். தீவு மேப்ல அதுக்கே அலைவ, மூணு ஊர்லயும் ஒரு டைல ஒதுக்கி வை.

[இரவு 9:20] முரளி அண்ணன்: நிலக்கரி பவர் பிளான்ட்ட மட்டும் பாத்துக்க. புரொடக்‌ஷன் நிறைய தரும், ஆனா புகை சேந்து கடல் மட்டம் ஏறும். கடலோரத் தாழ்நிலம் 1, 2, 3 மீட்டர்னு குறிச்சிருக்கும். 1 மீட்டர் இடம் முதல்ல வெள்ளம், அப்புறம் மொத்தமா கடல்ல போயிடும். உன் காம்பஸ் எல்லாம் கரையிலதானே? கம்ப்யூட்டர்ஸ் டெக் வந்ததும் ஃப்ளட் பேரியர் கட்டிடு. தள்ளிப் போட்டா, கடல் ஏற ஏற அதோட விலையும் ஏறும்.

[இரவு 9:24] சர்மி அக்கா: ஸ்பேஸ்போர்ட்ல நாலு விண்வெளி வேலை முடிக்கணும்: ராக்கெட்ரியில சேட்டலைட், சேட்டலைட்ஸ் டெக்குல நிலா, நானோடெக்னாலஜியில மார்ஸ், ஸ்மார்ட் மெட்டீரியல்ஸ்ல எக்ஸோபிளானட். கடைசிக் கப்பல் 50 ஒளியாண்டு போகணும். டர்னுக்கு 1தான் ஓடும்.

[இரவு 9:25] குகன்: 50 டர்ன் சும்மா உக்காந்திருக்கணுமா?

[இரவு 9:27] சர்மி அக்கா: ஆஃப்வேர்ல்ட் மிஷன் டெக் எடுத்தா லேசர் ஸ்டேஷன். ஒவ்வொண்ணும் டர்னுக்கு +1. நாலு வச்சா 5 ஆகும், 10 டர்ன்ல முடிஞ்சிடும். லாக்ராஞ்ச் லேசருக்கு அலுமினியம் வேணும், டெரஸ்ட்ரியல் லேசருக்கு ஊர்ல கரண்ட் வேணும். மூணு ஸ்பேஸ்போர்ட் சொன்னது இதுக்குத்தான், ஒரே நேரத்துல மூணு ஊர்ல லேசர் ஓடும்.

[இரவு 9:30] முரளி அண்ணன்: கவர்னர் பிங்காலாவ ஸ்பேஸ்போர்ட் ஊர்ல உக்கார வை. ஸ்பேஸ் இனிஷியேட்டிவ் புரமோஷன் குடுத்தா விண்வெளி வேலைக்கு 30% கூடும். கவர்மென்ட் பிளாசாவுல ராயல் சொசைட்டி கட்டினா பில்டர் ஒரு சார்ஜுக்கு (ஒரு தடவை வேலைக்கு) அந்த விண்வெளி வேலையில 2% முடிச்சுத் தருவான். 5 சார்ஜ் பில்டர்னா ஒருத்தன் 10%. காசு சேத்து வச்சு பில்டர் வாங்கு, உற்பத்தி கம்மியான ஊருக்கு இதான் கைகொடுக்கும்.

[இரவு 9:32] முரளி அண்ணன்: ஸ்பேஸ்போர்ட் பக்கத்துல ஒரு ஸ்பைய கவுன்டர்ஸ்பையா போடு. எதிரி ஸ்பை வந்து உடைச்சா சரிபண்ணி முடியற வரைக்கும் வேலை நிக்கும். கடலோரமா இருந்தா எதிரிக் கப்பலும் வந்து உடைக்கும். ஃபெய்த்துல ஜொங் (இந்தோனேசியாவோட போர்க்கப்பல்) வாங்கிக் காவல் போடு.

[இரவு 9:35] குகன்: ஜொங் மெர்சினரீஸ் சிவிக்லதானே வருது?

[இரவு 9:36] முரளி அண்ணன்: ஆமா. முதல் ஜொங்குக்கு எரா ஸ்கோர் 4 வேற.

[இரவு 9:38] சர்மி அக்கா: ஆட்டோசேவ ஒவ்வொரு டர்னுக்கும் வை டா. சாயங்காலம் இடி இடிச்சா நம்ம லயத்துல கரண்ட் டிரிப் ஆயிடும், உன் லாப்டாப் பேட்டரியும் அவ்வளவுதான்.

[இரவு 9:39] குகன்: வச்சிட்டேன் கா. ஐலண்ட் பிளேட்ஸ் லோட் ஆகுது.

[இரவு 9:40] சின்ன அத்தை: பால் ரெண்டு இல்ல, மூணு பாக்கெட்.