ஃபோலினிக் ஆசிட்: அமெரிக்காவில் சொல்லிவிட்டார்கள், நம் ஊரில் எப்போது?

வேளச்சேரி அம்மா

எல்லோருக்கும் வணக்கம். பையனுக்கு ஆறு வயது. மூன்று வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். 'தண்ணி', 'போலாம்', 'வேணாம்' மாதிரி கொஞ்சம் வார்த்தைகள் வருகின்றன, அதுவும் அவனுக்குத் தோன்றினால்தான். ஓ.டி. (அன்றாட வேலைகளைப் பழக்கும் தெரபி), ஸ்பீச் இரண்டுக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறோம்.

2025 செப்டம்பரில் வெள்ளை மாளிகையில் வைத்தே லூகோவோரின், அதாவது இந்த ஃபோலினிக் ஆசிட், ஆட்டிசத்துக்கு உதவும் என்று அறிவித்தார்கள் இல்லையா, அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. நியூ ஜெர்சியில் இருக்கும் நாத்தனார் தினமும் ஒரு வீடியோ அனுப்புகிறார். மாமியார் "வைட்டமின் மாத்திரைதானேம்மா, வாங்கிக் கொடுத்தா என்ன" என்கிறார். என் கணவர் "இந்தியாவில் அப்ரூவல் வரட்டும், அதுவரை தொடக்கூடாது" என்று ஒரே பிடியாக நிற்கிறார். டாக்டரைக் கேட்டால் "பார்க்கலாம்" என்கிறார், அந்தப் பார்க்கலாமுக்கு என்ன அர்த்தம் என்றே புரியவில்லை.

இங்கே ஒப்புதல் வர எவ்வளவு காலம் ஆகும், யாருக்காவது தெரியுமா? காத்திருக்கலாமா?

இன்னொன்று. இங்கே ஒரு தனியார் கிளினிக்கில் ஸ்டெம் செல் (குருத்தணு) சிகிச்சை செய்யலாம் என்கிறார்கள். சில லட்சங்கள் ஆகுமாம். "அப்ரூவல் வரப்போகிறது மேடம், வந்துவிட்டால் இந்த ரேட்டில் கிடைக்காது, ஏழு வயதுக்குள் செய்தால்தான் பலன்" என்று வாரம் தவறாமல் போன் செய்கிறார்கள். பையனுக்கு அடுத்த ஏப்ரலில் ஏழு. அந்த போன் வந்த இரவெல்லாம் எனக்குத் தூக்கமே வருவதில்லை.

அம்பத்தூர்வாசி

சகோதரி, மருந்து கம்பெனி ஒன்றில் ஒப்புதல் கோப்புகள் தயாரிப்பதுதான் என் வேலை. டாக்டர் இல்லை, அதனால் கொடுக்கலாமா வேண்டாமா என்ற இடத்துக்கு நான் வரமாட்டேன். அப்ரூவல் விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

லூகோவோரின் புது மருந்தே இல்லை. மெத்தோட்ரெக்சேட் என்ற கேன்சர் மருந்து ஃபோலேட் என்ற வைட்டமினை அடித்துப்போட்டுவிடும், அதிலிருந்து நல்ல செல்களைக் காப்பாற்ற ரொம்ப வருடங்களாகக் கொடுத்து வருகிறார்கள். சென்னையிலும் டாக்டர் சீட்டு இருந்தால் கிடைக்கும். ஆக மருந்துக்கு இங்கே அனுமதி இருக்கிறது. எந்த நோய்க்குக் கொடுக்கலாம் என்று லேபிளில் எழுதும் இடத்தில் ஆட்டிசம் இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

அமெரிக்காவில் அறிவித்ததையும் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். அங்கே மருந்துகளுக்கு ஒப்புதல் கொடுக்கும் எஃப்.டி.ஏ. லேபிளில் சேர்க்கப்போவதாகச் சொன்னது செரிப்ரல் ஃபோலேட் டெஃபிஷியன்சி, அதாவது ரத்தத்தில் ஃபோலேட் சரியாக இருந்தும் மூளைக்குப் போய்ச் சேராத ஒரு நிலை. அது உள்ள சில குழந்தைகளிடம் ஆட்டிசம் போன்ற அறிகுறிகள் தெரியும். மேடையில் பேசியவர்கள் ஆட்டிசம் என்றார்கள், டிவிக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள், உங்கள் நாத்தனாருக்கு வந்த வீடியோ அதிலிருந்து வந்தது. அங்கேயும் அது தானாக நடக்கவில்லை. இந்த மருந்தை முன்பு விற்ற கிளாக்ஸோ கம்பெனி அதை எப்போதோ நிறுத்திவிட்டது, எஃப்.டி.ஏ. கேட்டுக்கொண்டதால்தான் லேபிளை மாற்ற விண்ணப்பிக்க ஒத்துக்கொண்டது.

இந்தியாவில் 2019 மருந்து விதிகளின்படி, ஏற்கெனவே இருக்கும் மருந்தைப் புதிதாக ஒரு நோய்க்குக் கொடுக்க வேண்டுமென்றால் அதுவும் 'புது மருந்து' கணக்குதான். ஒரு கம்பெனி ஆதாரங்களோடு விண்ணப்பிக்க வேண்டும், டெல்லியில் நிபுணர் குழு உட்கார்ந்து பார்க்க வேண்டும். இங்கே மருந்துகளுக்கு ஒப்புதல் கொடுக்கும் டி.சி.ஜி.ஐ. அலுவலகம் தானே முன்வந்து எழுதிக்கொடுக்காது. காப்புரிமை முடிந்துபோன, சில்லறை விலைக்கு விற்கும் மாத்திரைக்கு நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் ட்ரையலுக்கு யார் செலவு செய்வார்கள் சொல்லுங்கள். அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் மாதிரி இடங்களில் ஒப்புதல் வாங்கிய சில வகை மருந்துகளுக்கு இங்கே தனியாக ட்ரையல் வேண்டாம் என்று 2024 ஆகஸ்டில் ஒரு உத்தரவு வந்தது, அது உண்மை. அதற்கும் யாராவது விண்ணப்பித்தால்தான். அதனால் 'அப்ரூவல் வரட்டும்' என்று உங்கள் கணவர் தேதி பார்த்துக் காத்திருப்பதில் பயனில்லை. டாக்டர்கள் லேபிளுக்கு வெளியே எழுதுவது குழந்தை மருத்துவத்தில் அன்றாடம் நடப்பதுதான். உங்கள் டாக்டர் 'பார்க்கலாம்' என்று சொன்னது அனேகமாக அதைத்தான்.

ஸ்டெம் செல் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதலில் தெளிவாக இருக்கிறது: சில ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவை தவிர மற்றதெல்லாம் ஆராய்ச்சி, ட்ரையலுக்கு உள்ளே மட்டும்தான் செய்ய வேண்டும், அதில் சேருபவரிடம் காசு வாங்கக்கூடாது. 2022 டிசம்பரில் தேசிய மருத்துவ ஆணையத்தின் குழுவும் ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் பரிந்துரைக்க முடியாது, செய்தால் தொழில் ஒழுங்கு மீறல் என்று சொல்லிவிட்டது. அடுத்த முறை போன் வந்தால் "சி.டி.ஆர்.ஐ. எண் சொல்லுங்க" என்று மட்டும் கேளுங்கள். சி.டி.ஆர்.ஐ. என்பது இந்தியாவின் ட்ரையல் பதிவேடு, 2009 ஜூனிலிருந்து இங்கே ட்ரையல் என்றால் அதில் ஏறியிருக்க வேண்டும், நாமே வீட்டில் உட்கார்ந்து இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். எண் இருந்துவிட்டால் அரசு ஒப்புதல் கொடுத்துவிட்டது என்று அர்த்தமில்லை, அதையும் மனதில் வையுங்கள். பதிவு வேறு, ஒப்புதல் வேறு.

பெரம்பூர் அப்பா

என் மகனுக்கு இப்போது இருபத்தெட்டு. உங்களைப் போல நானும் காத்திருந்தவன்தான் அம்மா, அப்போது மருந்துக்குப் பெயர் செக்ரெட்டின். பன்றியின் குடலிலிருந்து எடுக்கும் ஒரு ஹார்மோன், கணையப் பரிசோதனைக்காகப் போடுவது. அமெரிக்காவில் அதைப் போட்டுக்கொண்ட மூன்று குழந்தைகளுக்குப் பேச்சும் பார்வையும் முன்னேறியதாக 1998-இல் ஒரு கட்டுரை வந்தது, உலகமே தலைகீழானது. பெரம்பூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் பக்கத்துக்கு ஐந்து ரூபாய் கொடுத்து பிரிண்ட் எடுத்து, பக்கத்து வீட்டு கல்லூரிப் பெண்ணிடம் கொடுத்து அர்த்தம் கேட்பேன். 1999 கடைசியில் அறுபது குழந்தைகளை வைத்து ஒழுங்காகச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு உப்புத் தண்ணீர், யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது டாக்டருக்கும் தெரியாது. இரண்டு பக்கமும் ஒரே அளவுதான் முன்னேற்றம். எனக்கு மறக்காத செய்தி அதற்கு அப்புறம் வந்தது: மருந்து வேலை செய்யவில்லை என்று சொன்ன பிறகும் அந்தப் பெற்றோரில் 69 சதவீதம் பேர் 'எங்களுக்கு இன்னும் செக்ரெட்டினில் ஆர்வம் இருக்கிறது' என்றார்களாம். அவர்களை முட்டாள் என்று நான் சொல்லமாட்டேன். நானும் அந்த 69-இல் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன்.

அதற்குப் பிறகு வரிசையாக வந்தன. ஆக்சிடோசின் மூக்கு ஸ்ப்ரே, 2021-இல் 290 பிள்ளைகளை வைத்துப் பார்த்தார்கள், பொய் மருந்துக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. புமெட்டனைடு, நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரை, சின்ன ஆய்வுகளில் பிரமாதமாக இருந்தது, பெரிய ட்ரையலில் ஒன்றுமில்லை என்று அதே 2021-இல் நிறுத்திவிட்டார்கள். ஏன் இப்படியே ஆகிறது? ஆட்டிசத்துக்கு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இல்லை, நாம்தான் அளவுகோல். 'கண்ணைப் பார்த்தானா, கத்தினானா, கூப்பிட்டால் திரும்பினானா' என்று ஒரு தாளில் நாம்தான் டிக் அடிக்கிறோம். புதிதாக ஒன்றைக் கொடுத்த வாரம் நாம் பிள்ளையை உற்று உற்றுப் பார்க்கிறோம், கூட உட்கார்ந்து விளையாடுகிறோம், அவனும் வளர்கிறான். எல்லாம் மருந்து கணக்கில் ஏறிவிடுகிறது. பொய் மருந்து வாங்கும் பக்கத்திலும் முன்னேற்றம் தெரிவது இதனால்தான், அதைத் தாண்டி ஒரு மருந்து ஜெயித்துக் காட்டுவது லேசில்லை.

எஃப்.டி.ஏ. ஆட்டிசம் என்று பெயர் போட்டு ஒப்புதல் கொடுத்தது இரண்டே மருந்துக்கு. ரிஸ்பெரிடோன் 2006-இல், அரிபிப்ரசோல் 2009-இல். இரண்டுமே முதலில் மனச்சிதைவுக்கு வந்தவை, ஆட்டிசத்தில் ஒப்புதல் எரிச்சலுக்கும் ஆவேசத்துக்கும்தான். பேச்சுக்கு இல்லை, பழகுவதற்கு இல்லை. என் மகன் பதினான்கு வயதில் தலையைச் சுவரில் மோதிக்கொண்டபோது ரிஸ்பெரிடோன் கொடுத்தோம், உண்மையிலேயே உதவியது, அதை மறைக்கமாட்டேன். கூடவே பசியும் வந்தது. மதியம் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்த கையோடு குக்கர் மூடியைத் திருகிக்கொண்டு நிற்பான். சமையலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டோம். மூன்று மாதத்தில் பள்ளிக்கூட பேன்ட் எதுவும் இடுப்பில் ஏறவில்லை. ஒப்புதல் வாங்கிய மருந்தே இப்படி என்றால் வாங்காததைப் பற்றி யோசியுங்கள்.

ஏழு வயதோடு கதவு மூடிவிடும் என்கிறானே அந்த கிளினிக்காரன், அவனை நம்பாதீர்கள். என் பையன் பத்தொன்பது வயதில் பஸ் நம்பர் படிக்கக் கற்றுக்கொண்டான்.

முடிச்சூர் லட்சுமி அக்கா

நான் கொடுத்துப் பார்த்தவள். கடையில் நானாக வாங்கவில்லை, எங்கள் நரம்பியல் டாக்டர், ஃபோலேட் மூளைக்குப் போவதைத் தடுக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் ஃபோலேட் ரிசெப்டர் ஆன்டிபாடி டெஸ்ட் எடுக்கச் சொல்லி அப்புறம்தான் எழுதினார். அளவை இங்கே யாரும் கேட்காதீங்க, எடை பார்த்துப் போடுவது, சொல்லமாட்டேன்.

அந்த டாக்டர் ஒரு நல்ல காரியம் செய்தார். ஸ்கூல் மிஸ்ஸிடமும் தெரபிஸ்டிடமும் மருந்து ஆரம்பித்ததைச் சொல்லாதீர்கள், அவர்கள் வழக்கமாக எழுதும் நோட்டை மட்டும் எனக்குக் கொண்டுவாருங்கள், நீங்களும் தனியாக எழுதுங்கள் என்றார். என் நோட்டில் பார்த்தால் பெண் மாறிவிட்டாள்: 'இன்று அப்பாவைக் கூப்பிட்டாள்', 'பொம்மையை எனக்கு நீட்டினாள்'. மிஸ் நோட்டில் மருந்துக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே மாதிரிதான்: 'வட்டமாக உட்காரும்போது எழுந்து போகிறாள், ஸ்நாக்ஸ் தானே திறந்தாள்'. அதோடு ராத்திரி தூக்கம் போயிற்று. இரண்டு மணிக்கு எழுந்து பிரிட்ஜ் கதவைத் திறந்து விளக்கு எரிகிறதா பார்ப்பது, மூடுவது, மறுபடி திறப்பது. படபடப்பும் கூடிவிட்டது. டாக்டரே நிறுத்தச் சொல்லிவிட்டார்.

இதை வைத்து மருந்து வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் தெரபி சென்டரிலேயே இன்னொரு பையனுக்கு நல்ல பலன் என்கிறார்கள். கொடுக்கிறதாக இருந்தால் இந்த இரண்டு நோட்டு வேலையைச் செய்யுங்கள், அதற்குத்தான் இவ்வளவு எழுதினேன். மாமியாரிடம் சொல்லுங்கள், கடையில் கிடைக்கும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் இதுவும் ஒன்று இல்லை. மூளைக்கு ஃபோலேட் போகாத அந்தக் குறைபாட்டில் ஃபோலிக் ஆசிட்டை அதிகம் கொடுத்தால் உபத்திரவம் என்றே எங்கள் டாக்டர் எச்சரித்தார்.

வேளச்சேரி அம்மா

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அம்பத்தூர் அண்ணா எழுதியதைக் கணவரிடம் படித்துக் காட்டினேன், அவர் இவ்வளவு நாள் டெல்லியில் ஏதோ கோப்பு நகர்ந்துகொண்டிருப்பதாகவே நினைத்திருந்தாராம்.

இன்று கிளினிக்கிலிருந்து போன் வந்தது. சி.டி.ஆர்.ஐ. எண் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அதெல்லாம் சார்தான் சொல்வார் மேடம், நேரில் வாங்க" என்றார் அந்தப் பெண். ட்ரையல் என்றால் இலவசமாச்சே, எதற்குப் பணம் என்று கேட்டேன், "இது ட்ரையல் இல்லை மேடம், ட்ரீட்மென்ட்" என்றார்.

பெரம்பூர் ஐயா, தெரபி செலவுதான் எங்களை அழுத்துகிறது. அதற்கு அரசுப் பக்கம் ஏதாவது வழி இருக்கிறதா?

பெரம்பூர் அப்பா

இருக்கிறது அம்மா. முதலில் மாற்றுத்திறனாளி அட்டை, யு.டி.ஐ.டி., அதை எடுத்துவிட்டீர்களா? 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் தனியாகவே சேர்ந்துவிட்டது. அது கையில் இருந்தால் மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்ட்டின் நிரமயா காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம், வருடத்துக்கு ஒரு லட்சம் வரை, ஓ.டி., ஸ்பீச் மாதிரி வெளிநோயாளி தெரபிக்கும் ஒரு பகுதி கிடைக்கும். பில்லை எல்லாம் தேதியோடு கையெழுத்தோடு வாங்கி வையுங்கள், வெள்ளைத் தாளில் எழுதிக்கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலும், ஈ.சி.ஆரில் முட்டுக்காட்டில் இருக்கும் மத்திய அரசு நிறுவனத்திலும் தெரபி உண்டு. முட்டுக்காடு தூரம்தான், ஆனால் வேளச்சேரியிலிருந்து உங்களுக்குப் பரவாயில்லை. காலையிலேயே போய்விடுங்கள், பதிவுக்குக் கூட்டம் இருக்கும்.

அந்த கிளினிக் நம்பரை பிளாக் செய்துவிடுங்கள்.

அம்பத்தூர்வாசி

பிளாக் செய்வதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள் சகோதரி. அவர்கள் வாட்ஸ்அப்பில் ரேட் அனுப்பியிருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். "ட்ரையல் இல்லை, ட்ரீட்மென்ட்" என்று போனில் சொன்னதை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள், அனுப்பமாட்டார்கள், அனுப்பினால் மாநில மருத்துவ கவுன்சிலுக்குப் புகார் எழுத அதுவே போதும். நான் எழுதித் தருகிறேன்.