"நம்பகத்தன்மை இருக்கிறது, ஏற்புடைமை இல்லை" என்றால் என்ன பொருள்?

கேள்வி: முதுகலை மாணவி

வணக்கம். சமூகவியல் ஆய்வேட்டுக்காக ஆலங்குளம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் பெண்களின் உழைப்பைப் பற்றிக் கள ஆய்வு செய்து வருகிறேன். வினாநிரலை முடிவு செய்யும் முன், சில வீடுகளில் முன்னோட்டமாகக் கேட்டுப் பார்த்தேன். "நீங்கள் வேலை செய்கிறீர்களா?" என்ற கேள்விக்குப் பெரும்பாலானோர் "இல்லம்மா, வீட்லதான் சும்மா இருக்கேன்" என்றார்கள். அவர்களில் ஒருவர் மடியில் சுளகை (முறத்தை) வைத்துக்கொண்டு, வெட்டிய பீடி இலையில் புகையிலைத் தூளைப் பரப்பிச் சுருட்டி நூல் கட்டியபடியே, கை நிற்காமல்தான் அந்தப் பதிலைச் சொன்னார். இரண்டு வாரம் கழித்து அதே வீடுகளில் மறுபடியும் கேட்டேன், பதில் மாறவில்லை. நெறியாளர் என் தாளைப் பார்த்துவிட்டு, "நம்பகத்தன்மை இருக்கிறது, ஏற்புடைமை இல்லை" என்று ஒரே வரி எழுதித் திருப்பித் தந்தார். இரண்டின் வரையறையும் எனக்கு மனப்பாடம். ஆனால் என் தாளில் பிழை எங்கே என்று விளங்கவில்லை.

பதில் 1: புள்ளியியல் ஆசிரியர்

பிழை அந்தப் பெண்களிடம் இல்லை, உங்கள் கேள்வியில் இருக்கிறது. மறுபடி கேட்டும் அதே பதில் கிடைத்தது நம்பகத்தன்மை. ஆனால் நீங்கள் அளக்க நினைத்தது உழைப்பை. உங்கள் கேள்வி அளந்ததோ, "வேலை" என்ற சொல்லுக்கு அவ்வூரில் உள்ள பொருளை. அங்கே வேலை என்றால் வாசல் தாண்டிப் போய்ச் சம்பளம் வாங்குவது. அளக்க நினைத்ததையே கேள்வி அளப்பதுதான் ஏற்புடைமை; அது இங்கே இல்லை. எனவே, எது உழைப்பாகக் கணக்கில் வரும், எந்தக் காலத்துக்குள், குறைந்தது எவ்வளவு நேரம் என்று செயல்முறை வரையறையை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். கேள்வி அதற்குப் பிறகுதான்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பே இந்தச் சிக்கலில் மாட்டியிருக்கிறது. பெண்களின் உழைப்பு விடுபட்டுப் போகிறது என்ற குறை எழுந்த பின், 1991இல் வேலை பற்றிய கேள்வியோடு, சொந்த நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ கூலியில்லாமல் செய்யும் வேலையும் இதில் அடங்கும் என்ற விளக்கத்தைச் சேர்த்தார்கள். அதே கணக்கெடுப்பில் ஆண்டுக்கு ஆறு மாதமோ அதற்கு மேலோ உழைத்தவர் முதன்மை உழைப்பாளர், அதற்குக் குறைந்தால் குறுநிலை உழைப்பாளர். வரையறையின் எல்லைக்கோடு சற்று நகர்ந்தாலும், அதன் மறுபக்கம் போய்விடுகிறவர்கள் ஏராளம்.

பதில் 2: களத்தில் இருப்பவள்

முந்தைய பதிலோடு பெரிதும் உடன்படுகிறேன். ஆனால் "சும்மா இருக்கேன்" என்ற பதிலைப் பிழை என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள். நாள் முழுக்க உழைக்கிறவர் தம்மைச் சும்மா இருப்பவராகச் சொல்லிக்கொள்வது சமூகவியலுக்கு முதல்தரமான தரவு. அதைத் தனியாக, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி வையுங்கள்.

உழைப்பை அளக்க, "வேலை" என்ற சொல்லையே எடுக்காமல் நேற்றைய நாளைக் கேளுங்கள். தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் 1998-99இல் நடந்த நேரப் பயன்பாட்டு ஆய்வும், பின்னர் 2019இல் நாடு முழுவதும் நடந்ததும் இவ்வழியில் சென்றவையே. 2019இல் முந்தைய நாள் அதிகாலை 4 மணி முதல் மறுநாள் அதிகாலை 4 மணி வரை, அரைமணிக் கட்டங்களாகப் பிரித்துக் கேட்டார்கள். "நேற்று எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்? அதற்கடுத்து?" என்று போனால் சுளகு தானாக வெளியே வரும்.

பதில் 3: பழைய ஆய்வு மாணவன்

யாரைக் கேட்கப் போகிறீர்கள் என்பதையும் பாருங்கள். பீடிக்கடைக் கணக்குப் புத்தகத்தில் உள்ள பெயர்களிலிருந்து மாதிரியை எடுக்காதீர்கள். ஒரே பெயரில் உள்ள புத்தகத்தில் அந்த வீட்டின் இரண்டு மூன்று பேர் சுற்றியது பதிவாவது வழக்கம். மற்றவர்கள் பட்டியலிலேயே இல்லாதவர்கள். பட்டியல் பிசகினால் எண்ணிக்கை கைகொடுக்காது. 1936 அமெரிக்கத் தேர்தலின்போது லிட்டரரி டைஜஸ்ட் இதழ், தொலைபேசி, கார் வைத்திருந்தோர் பட்டியல்களை வைத்து ஏறத்தாழ 1 கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்றும், ரூஸ்வெல்ட்டை எதிர்த்துப் போட்டியிட்ட லாண்டன் வெல்வார் என்று கணித்தது. 48 மாநிலங்களில் 46இல் ரூஸ்வெல்ட் வென்றார். திருப்பி அனுப்பியவர்கள் ஒரு சார்பினராக இருந்ததும் இதற்கு ஒரு காரணம். ஆகவே தெருத்தெருவாக நீங்களே வீட்டுப் பட்டியல் எழுதி, அதிலிருந்து குலுக்கி எடுங்கள்.

கேட்டவர்: முதுகலை மாணவி

நன்றி. சுளகு வைத்திருந்த அந்த அக்காவிடம் நேற்றைய நாளைக் கேட்டேன்; பீடிக்கு மட்டும் பதினொரு அரைமணிக் கட்டங்கள் நிரம்பின. ஆனால் மாமியார் உடனிருக்கும் வீடுகளில் மருமகளுக்குப் பதிலாக அவரே விடை சொல்லிவிடுகிறார். அதைப் பதிவு செய்யலாமா?

பதில் 4: களத்தில் இருப்பவள்

பதிவு செய்யலாம், ஆனால் பிறர் சொன்ன விடை என்று குறித்து வையுங்கள். மாமியார் பீடிக்கடைக்குக் கட்டு கொடுக்கப் போகும் நேரம் எது என்று விசாரித்து, மருமகளிடம் அப்போது போங்கள். பிறகு மாமியாரிடமும் அதே கட்டங்களை நிரப்புங்கள். அவரும் உங்களிடம் சும்மா இருப்பதாகத்தான் சொல்லியிருப்பார்.