ஆக்ரிக் கடையில் கிடைத்த பேர் தெரியாத கார்ட்

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

பழைய வண்டியை எடுத்துச் சரிசெய்த கதை கேட்டால், எல்லாரும் புல்லட், ஜாவா என்று பைக் கதையாகவே சொல்கிறீர்கள். எங்களுடையது வண்டியா என்பதே முதலில் சந்தேகமாக இருந்தது.

போன ஓணம் லீவில் தோட்டத்து மோட்டாரின் பழைய செம்புக் கம்பியைப் போட ஆக்ரிக் கடைக்கு, அதாவது பழைய இரும்புக் கடைக்குப் போனேன். கூட ஏழாவது படிக்கும் மகள். தகரக் குவியலுக்கு அடியில் நாலு குட்டிச் சக்கரத்தோடு ஒரு குழாய்ச் சட்டம். "அப்பா, ரேஸ் கார்ட்!" என்று பிடித்துக்கொண்டாள். பந்தயத்தில் ஓட்டும் குட்டித் திறந்த வண்டி. எஞ்சின் இல்லை, சீட் இல்லை, கம்பெனித் தகடும் இல்லை. 52 கிலோ, கிலோ 45 ரூபாய். கம்பிக் காசு போக மேலே கொஞ்சம் போட்டு ஏற்றி வந்தோம்.

தள்ளிப் பார்த்த மச்சான், "திரும்பவே மாட்டேங்குது, டிஃப் ஜாம்" என்றார். டிஃப் என்றால் டிஃப்ரன்ஷியல், வளைவில் இரண்டு பின்சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர். கார்ட்டில் அதுவே கிடையாது. பின்சக்கரம் இரண்டும் ஒரே ஆக்ஸிலில் சேர்ந்தேதான் சுற்றும். அப்புறம் எப்படித் திரும்பும்? ஸ்டீரிங்கை ஒடித்தால் உள்பக்க முன்சக்கரம் கீழே இறங்கிச் சட்டத்தை முறுக்கும், உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு லேசாக எழும்பும். சஸ்பென்ஷனும் இல்லை, அந்த வேலையும் குழாயின் வளைவுக்குத்தான். இதைப் படித்துச் சொன்னது மகள். கொப்பரைக் களத்தில் வைத்து ஸ்டீரிங்கை முழுசாகத் திருப்பினோம். சட்டத்தின் முன்பக்க மூலை ஒன்று கண்ணுக்குத் தெரிய எழும்பியது. என் அப்பா திண்ணையை விட்டு இறங்கி வந்தது அப்போதுதான்.

அடுத்தது, இது யார் செய்தது? மச்சான் போனில் படம் படமாகப் பார்த்துவிட்டு "இத்தாலி மேக், லட்சக்கணக்கில் போகும்" என்று முடிவே கட்டிவிட்டார். ஐரோப்பியக் கார்ட்டுகளில் குழாய் 28, 30, 32 மில்லிமீட்டரில் வரும். எங்களுடையதில் வெர்னியர் அளவுகோல் 32 காட்டியது. வீடே குஷி. மகள் மட்டும் "பெயிண்டைச் சுரண்டிவிட்டு அளக்கலாம்" என்றாள். மூன்று கோட்டிங்: மஞ்சள், சிவப்பு, அடியில் டிராக்டர் நீலம். சுரண்டிய இடத்தில் 31.7. ஒன்றேகால் இஞ்சுக் குழாய். திறந்திருந்த நுனிக்குள் விரலை விட்டால் நீளவாக்கில் ஒரு வெல்டிங் தழும்பு நெருடியது. தகட்டைச் சுருட்டி ஓரத்தை வெல்டிங் செய்த, நம்ம ஊர் இரும்புக் கடையில் கிடைக்கிற ஈ.ஆர்.டபிள்யூ. குழாய். இத்தாலி அன்றோடு போச்சு.

மச்சானுக்கு முகம் தொங்கிவிட்டது. எனக்கு அப்போதுதான் பிடித்துப்போனது. 1956-இல் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் கட்டிய முதல் கார்ட்டே புல்வெட்டி எஞ்சின் வைத்ததுதான். எங்கள் ஊர் பாலக்காட்டுப் பக்கம், பக்கத்தில் இருப்பதோ கோயம்புத்தூர். தெருவுக்குத் தெரு லேத் பட்டறை. கார் பந்தய வீரர் கரிவரதன் மாருதி எஞ்சினை வைத்து ஃபார்முலா கார் கட்டிய ஊர். அங்கே ஏதோ ஒரு பட்டறையில் செய்ததாக இருக்கும் என்று நினைத்தேன்.

முன்சக்கரம் மாட்டும் குட்டி அச்சான ஸ்டப் ஆக்ஸிலைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்தபோது, புள்ளி பஞ்சால் தட்டித் தட்டிப் போட்ட எழுத்து தெரிந்தது. ஒன்றில் "இ", மற்றதில் "வ". இடது, வலது. மலையாளத்திலும் அதே இரண்டு எழுத்தில்தான் தொடங்கும், வடிவம் மட்டும் வேறு. மகள் படிப்பது மலையாள மீடியம், அப்பாவுக்குத் தமிழ் எழுத்து மட்டும். டார்ச் அடித்து அரைமணி நேரம் வழக்கு. "தமிழ் 'இ' தான் அம்மிணி, அந்தச் சுழியைப் பாரு" என்று அப்பா ஜெயித்தார். இவ்வளவுதான் அதைப் பற்றி எங்களுக்குத் தெரிந்த வம்சாவளி.

எஞ்சின், பழைய யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக்கினுடையது. ஆயில் பம்பை எடுத்துவிட்டோம், லிட்டருக்கு 40 மில்லி 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயிலைப் பெட்ரோலிலேயே கலக்க வேண்டும். சொல்லாமல் விட்டது என் தப்பு. நான் வீட்டில் இல்லாத ஞாயிற்றுக்கிழமை மச்சான் வெறும் பெட்ரோலை ஊற்றிக் களத்தில் நாலு சுற்று சுற்றியிருக்கிறார். ஐந்தாவது சுற்றில் "கிறீச்", சீஸ்: பிஸ்டன் இறுகிப் பிடித்துவிட்டது. சிலிண்டரைக் குடைந்து (ரீபோர்) 0.50 மில்லிமீட்டர் பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டோம். இப்போது டேங்க் மூடியில் அப்பா சுண்ணாம்பால் எழுதிவைத்திருக்கிறார்: எண்ணெய்?

வேலந்தாவளம்:

எங்கள் வீட்டில் டில்லர் எஞ்சின் வைத்து ஒன்று கட்டினோம், பிரேக் பத்தாமல் மாட்டுத் தொட்டியில் போய் நின்றது. அதனால் கேட்கிறேன், அந்த ஸ்டப் ஆக்ஸிலை அப்படியே போட்டுவிட்டீர்களா? பழைய இரும்பு, விரிசல் இருந்தால் வளைவில்தான் ஒடியும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

நல்லவேளை கேட்டீர்கள். டை பெனெட்ரன்ட் அடித்துப் பார்த்தோம். சிவப்புச் சாயம் பூசி, துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாக மேலே வரும். வலது சுத்தம். இடதில் தோள்பட்டையில் மயிரிழை போல ஒரு கோடு வந்தது. சித்தூரில் ஒரு லேத்தில் ஈ.என்.24 என்ற உறுதியான எஃகுக் கம்பியில் புதிதாகக் கடைந்து வாங்கினோம். வாங்கி வந்து பார்த்தால், அவரும் பஞ்சால் "இ" போட்டிருக்கிறார், மலையாளத்தில். அடுத்த லீவில் பிரேக் வேலை.