முதல் ஆலிவ் அறுவடை, எண்ணெய்ல புளிச்ச வாடை வருது, எங்க தப்பு பண்ணேன்?

புதுமரம்:
எல்லாருக்கும் வணக்கம். ஆறு வருஷம் முன்னாடி நட்ட 40 ஆலிவ் மரம் என்கிட்ட இருக்கு, 32 அர்பெக்வினா ரகம், மீதி 8 ஃப்ரான்டோயோ ரகம். ரசாயன உரம், மருந்து எதுவும் போடுறதில்ல, மூடாக்கும் மக்குன எருவும் மட்டும்தான். போன வருஷம் வரைக்கும் கைப்பிடி காய்தான், இந்த வருஷம்தான் கிளை தொங்குற அளவுக்குப் புடிச்சுது. வீட்டு ஆளுங்க நாலு பேரு சேந்து மூணு நாள் கையாலயே பறிச்சோம், மொத்தம் 210 கிலோ. மூட்டையில கட்டி கொட்டாயில வச்சு நாலாம் நாள் மில்லுக்குக் கொண்டு போனேன், 26 லிட்டர் வந்துச்சு. அன்னைக்கு அந்தப் பச்சை நிறத்தைப் பாத்த சந்தோஷத்துல எதுவும் தெரியல. ரெண்டு வாரம் கழிச்சு டிரம்மைத் திறந்தா ஊறப்போட்டுப் புளிச்ச காய் மாதிரி ஒரு வாடை, வாயில வச்சா நல்ல ஆலிவ் எண்ணெய்க்கு தொண்டையில வர்ற காரமே இல்ல. டெஸ்ட் குடுத்ததுல அமிலம் 1.6%. மில்லுல கேட்டா அர்பெக்வினா அப்படித்தான் இருக்கும்னு சொல்லிட்டாங்க. ஆறு வருஷம் பாத்துப் பாத்து வளத்தது, மனசு ஆற மாட்டேங்குது. தப்பு மரத்துலயா, மில்லுலயா, என்கிட்டயா? அடுத்த வருஷம் சொந்தமா சின்ன மெஷின் ஒண்ணு வாங்கிடலாமான்னு கூட யோசிக்கிறேன். அப்புறம் மில்லுல ரெண்டு டிரம் ஈரச் சக்கை திருப்பிக் குடுத்தாங்க, அதை என்ன செய்றதுன்னும் யாராவது சொல்லுங்க.

மலைச்சரிவு:
மூட்டைங்க, அந்த மூட்டைதான் காரணம். அர்பெக்வினா சாதுவான எண்ணெய்தான், காரம் கம்மியா இருக்கும், அது உண்மை. ஆனா புளிச்ச வாடை எந்த ரகத்துக்கும் இயல்பு கிடையாது.

எனக்கும் இரண்டாவது அறுவடையில இதே கதை. மூணாம் நாள் காலையில மூட்டைக் கட்டை அவுத்து முழங்கை வரைக்கும் கையை உள்ள விட்டேன், காய்ச்சல் அடிக்கிற புள்ள உடம்பு மாதிரி கொதிச்சுது. அடி மூட்டையத் தூக்குனா தரையில பழுப்பா ஒரு தண்ணி. பறிச்ச பிறகும் காய்க்கு உயிர் இருக்கு, மூச்சு விடுது, சூடு விடுது, குவிச்சு வச்சா அந்தச் சூடு வெளிய போக வழியில்ல. மேல இருக்குற பாரத்துல கீழ இருக்குறது நசுங்கி சாறு கசிஞ்சு, காத்தும் இல்லாம புளிக்க ஆரம்பிச்சிடும். தோல் கிழிஞ்ச உடனே காயில இருக்குற நொதிங்க கொழுப்பை உடைச்சு அமிலமாக்கும், அதான் உங்க 1.6%. எக்ஸ்ட்ரா விர்ஜின்னு, அதாவது முதல் தரம்னு சொல்லணும்னா அமிலம் 0.8%க்குள்ள இருக்கணும், கெட்ட வாடை துளியும் இருக்கக் கூடாது. 2% வரைக்கும் வெறும் விர்ஜின், அடுத்த தரம், அதுக்கும் சுவை பாக்குறவங்க வாடையை அளந்து பாத்துத்தான் சொல்லுவாங்க.

அதனால அடுத்த தடவை மூட்டையே வேண்டாம், ஓட்டை வச்ச பிளாஸ்டிக் கிரேட், அதுலயும் முட்ட முட்ட நிரப்பாம ஒரு சாண் உயரத்துக்கு, நிழல்ல. முக்கியமா, மில்லுல நேரம் வாங்கிட்டு அப்புறமா மரத்துல கை வைங்க. நாலு பேரு ஒரு நாள்ல பறிக்க முடிஞ்சது 70 கிலோன்னா 70 கிலோ மட்டும் பறிங்க, சாயங்காலமோ மறுநாள் காலையிலயோ அரைச்சிடுங்க, 24 மணி நேரம் தாண்ட வேண்டாம். மீதி மரத்துலயே இருக்கட்டும், அதை விட நல்ல குடோன் கிடையாது.

இன்னொண்ணு, காயில ஊசி முனை அளவு புள்ளி இருந்துச்சா, உள்ள புழு? ஆலிவ் பழ ஈ விழுந்திருந்தா அதுவும் அமிலத்தை ஏத்திடும். இருந்துச்சுன்னா பொறி வைக்கிறது, கேயோலின் களிமண்ணைத் தண்ணியில கரைச்சுத் தெளிக்கிறது எல்லாம் இயற்கை வழியிலயே செய்யலாம், காய் மேல வெள்ளையா பூச்சு இருந்தா ஈ முட்டை வைக்கத் தயங்கும்.

எண்ணெய்க்கை:
நான் பல சீசன் மில்லுல நின்னவன், அதனால மெஷின் பக்கம் மட்டும் சொல்றேன்.

40 மரத்துக்கு மெஷின் வாங்காதீங்க. இது எள்ளு கடலை மாதிரி காஞ்ச விதையை செக்குல போட்டு ஆட்டுற வேலை இல்ல, பாதி தண்ணி இருக்குற பழம். கொட்டையோட சேத்து அரைச்சு, அந்த விழுதை அரை மணியிலருந்து முக்கால் மணி வரைக்கும் மெதுவா கிண்டணும், அப்பதான் பொடிப்பொடியா இருக்குற எண்ணெய்த் துளி ஒண்ணோட ஒண்ணு சேரும், அப்புறம் வேகமா சுத்துற டிகாண்டர்ல தண்ணி, சக்கை, எண்ணெய் பிரியும். கிண்டுறப்ப சூடு 27 டிகிரிக்குள்ள இருந்தாத்தான் அந்த வாசனை நிக்கும். சூடு ஏத்துனா எண்ணெய் கொஞ்சம் கூட வரும், அதனால சில இடத்துல ஏத்திடுவாங்க, கூச்சப்படாம தெர்மாமீட்டரைக் காட்டச் சொல்லிக் கேளுங்க. அன்னைக்கு முதல் ஆளா போறது நல்லது, ராத்திரி கழுவி வச்ச மெஷின்ல உங்க காய் போகும். முன்னாடி போனவரோட கெட்டுப்போன விழுது உள்ள ஒட்டியிருந்தா உங்க எண்ணெய்லயும் ஏறிடும், உங்களுக்கு அதுவும் நடந்திருக்கலாம், ஆனா மலைச்சரிவு சொன்ன மாதிரி நாள் கணக்குல மூட்டையில கிடந்ததை எந்த மில்லும் சரி பண்ண முடியாது.

காய் எந்த நிறத்துல பறிச்சீங்க? எல்லாம் கறுக்கட்டும்னு காத்திருந்தீங்களா?

புதுமரம்:
ஆமா, முக்கால்வாசி கறுப்பாதான் இருந்துச்சு, எண்ணெய் நிறைய வரும்னு சொன்னாங்க. புழு புள்ளி எதுவும் கண்ணுல படல. ஆனா ஒண்ணு சொல்லணும், கீழ உதிர்ந்து கிடந்ததையும் வீணாப் போக வேண்டாம்னு பொறுக்கிப் போட்டோம், ஒரு மூட்டை இருக்கும்.

மலைச்சரிவு:
உதிர்ந்தது ஒரு கிரேட் போதும் மொத்தத்தையும் கெடுக்க. அதைத் தனியா வைங்க, அடுத்த தடவை எண்ணெய்க்கே வேண்டாம்.

நிறம் பத்தி: பச்சை விட்டு ஊதா ஓட ஆரம்பிக்கும் பாருங்க, ஒரே கிளையில பச்சையும் ஊதாவும் கலந்து, நகத்தால கீறுனா உள்ள சதை வெள்ளையா இருக்கும், அதான் நேரம். அப்பப் பறிச்சா லிட்டர் கொஞ்சம் குறையும், ஆனா கசப்பும் தொண்டைக் காரமும் அதுலதான் இருக்கு, எண்ணெயை நாள்பட காப்பாத்துறதும் அந்தச் சத்துங்கதான். உங்க அர்பெக்வினாவுல அது ஏற்கனவே கம்மி, அதனால நீங்கதான் முந்திக்கணும். ஃப்ரான்டோயோ அர்பெக்வினாவோட ஒரே சமயத்துல பழுக்காது, அதைத் தனியா ஒரு நாள் பறிங்க.

முந்திப் பறிக்கிறதுல இன்னொரு லாபமும் இருக்கு. இந்த வருஷம் பாரம் தாங்குன மரம் அடுத்த வருஷம் அவ்வளவா காய்க்காம நிக்கலாம், பயந்துடாதீங்க. ஆலிவ் போன வருஷம் வளந்த கிளையிலதான் பூக்கும், காய் சுமந்த வருஷம் புதுக்கிளை விட மரத்துக்குத் தெம்பு இருக்காது. சீக்கிரம் இறக்கிட்டா கொஞ்சம் மூச்சு வாங்கும். கவாத்து குளிர் முடிஞ்சப்புறம் லேசா, நடுவுல வெளிச்சம் விழுற மாதிரி.

ஆட்டுமந்தை:
சக்கை பத்தி யாரும் சொல்லல, நான் சொல்றேன். பச்சையா மரத்தடியில கொட்டாதீங்க, அதுல இருக்குற கசப்புப் பொருள் வேரையும் மண்ணுல இருக்குற உயிரையும் சுட்டுடும். ஈரமா இருந்தா அழுகி நாத்தம் எடுக்கும், அதனால கவாத்துல வந்த குச்சியைத் துண்டாக்கி, வைக்கோல், எரு எல்லாம் கலந்து குவிச்சு, அப்பப்ப புரட்டி விட்டு பல மாசம் மக்க விடுங்க. நல்லா மக்குனா கறுப்பா, மண்ணு வாசனை வரும், அதுக்கப்புறம் மரத்துக்கே போடலாம்.

மர வரிசைக்கு நடுவுல புல்லுக்கு செம்மறி விடுற யோசனை இருந்தா ஒரு எச்சரிக்கை. இலைப்புள்ளி நோய்க்குத் தாமிர மருந்து இயற்கை விவசாயத்துலயும் அடிப்பாங்க, ஆனா செம்மறிக்குத் தாமிரம் விஷம். கொஞ்சம் கொஞ்சமா ஈரல்ல சேந்து ஒரு நாள் திடீர்னு விழும். எனக்கு ரெண்டு ஆடு அப்படிப் போயிருக்கு, முந்தின நாள் வரைக்கும் நல்லா மேஞ்சுதுங்க.

புதுமரம்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். மூட்டை எல்லாத்தையும் கட்டி ஓரமா போட்டாச்சு. இருக்குற 26 லிட்டரை என்ன பண்றது, தூக்கி ஊத்தவா?

எண்ணெய்க்கை:
ஊத்தாதீங்க. முதல்ல டிரம்முக்கு அடியில மண்டி தங்கியிருக்கும், ஈரமும் சதையுமா, அது அங்கயே இருந்தா இன்னும் புளிக்கும். ஆட்டாம மேல இருக்குற தெளிஞ்சதை வேற காஞ்ச ஸ்டீல் பாத்திரத்துக்கு மாத்துங்க, விளிம்பு வரைக்கும், காத்து தங்க இடம் விடாம, வெளிச்சம் படாத குளிர்ச்சியான இடத்துல. ஒரு மாசத்துல திரும்ப ஒரு தடவை மாத்துங்க. வாடை போகாது, ஆனா சமையலுக்கு ஓடும், மீதியை சோப்பு காய்ச்சலாம். அடுத்த வருஷ எண்ணெயோட மட்டும் ஒரு சொட்டு கூட சேக்காதீங்க, டிரம்மையும் வெந்நீர்ல நல்லா கழுவி ஈரமில்லாம காய வச்சு எடுத்து வைங்க.